டெக்கின் மேற்பலகையும் அதைத் தாங்கும் மரமும்: ரொறன்ரோ பகுதி அனுபவங்கள்

ஸ்காபுறோவிலிருந்து:

எங்கள் பின்வளவில் வீட்டை ஒட்டி இருந்த பழைய டெக் எனப்படும் மரமேடையைக் கடந்த கோடையில் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். பொருள்களைத் தெரிவுசெய்தபோது நான் விட்ட பிழைகளும் பிந்தி அறிந்துகொண்டவையும் இந்த வசந்தத்தில் வேலை தொடங்க இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்க்க வேண்டுகிறேன்.

பழைய டெக் 12 அடிக்கு 16 அடி அளவிலானது. உக்காதிருக்க மருந்தேற்றிய மரத்தால் கட்டி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. மேற்பலகைகள் நீளவாக்கில் வெடித்திருந்தன. கொடியில் உடுப்புக் காயப்போட வெறுங்காலோடு நடந்துபோகும் அம்மாவின் பாதத்தில் ஒரே மாதத்தில் இரண்டு முறை சிராம்பு ஏறியது. அடியில் உள்ள சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேற்பலகையை மட்டும் கொம்போசிற்றுக்கு மாற்றுவதே எங்கள் திட்டமாக இருந்தது. மரத்தூளையும் பிளாஸ்ரிக்கையும் சேர்த்து வார்க்கும் அந்தப் பலகை வெடிக்காது, சிராம்பு கிளம்பாது, ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டியதில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் மூன்று மாதங்களாகக் கடை கடையாக ஏறி நிறத்தையும் வரியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த நான், அந்தப் பலகையைத் தாங்கப்போகும் மரத்தின் நிலையை ஒரு நாளாவது குனிந்து பார்க்கவில்லை.

பிரிக்கத் தொடங்கிய சனிக்கிழமை மூன்றாவது பலகையைக் கிளப்பியபோதுதான் அதைக் கண்டேன். ஜொயிஸ்ற் எனப்படும் தாங்குசட்டத்தின் மேல்விளிம்பு முழுவதும் கருத்திருந்தது. அந்த இடத்தில் திருப்புளியின் நுனியை வைத்து அழுத்தினேன். ஈரப் பிண்ணாக்கினுள் இறங்குவதுபோல் அது ஓர் அங்குலம் இறங்கியது. கீழேயிருந்து பார்ப்பவருக்கு அந்தச் சட்டம் நல்ல மரமாகவே தெரிந்திருக்கும். பக்கங்களிலும் அடியிலும் எந்தக் குறையும் இல்லை. மழையும் கரையும் பனியும் பலகை இடுக்கு வழியாக இறங்கி, திருகாணித் துளைகளில் தேங்கி, பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் காய வழியின்றி நிற்பதால் உக்கல் மேலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு சட்டங்களை ஒட்டவைத்து ஆணி அடித்திருந்த உத்திரத்தின் நடுப்பிளவிலும் இதே கதைதான். இந்தச் சட்டத்தின் மேல் 25 ஆண்டு உத்தரவாதம் உள்ள பலகையை அடித்திருந்தால் அந்த உத்தரவாதத்தால் எங்களுக்கு ஒரு பயனும் இருந்திராது.

திருகாணிகளும் பாடம் சொன்னவைதான். திருப்பும்போதே பாதி ஆணிகளின் தலை முறிந்தது. மருந்தேற்றிய மரத்தில் 2003ஆம் ஆண்டு முடிவு வரை பெரும்பாலும் குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த மருந்தைத்தான் ஏற்றினார்கள். அதன்பிறகு வீட்டுப் பயன்பாட்டுக்கு ஆர்சனிக்கைக் கைவிட்டுச் செம்பு கூடுதலாக உள்ள மருந்துகளுக்கு மாறினார்கள். ஈரம் சேர்ந்தால் அந்தச் செம்பு சாதாரண இரும்பை அரிக்கும், அலுமினியத்தை அதைவிட வேகமாகத் தின்னும். சுவரோரம் மழைநீரைத் தடுக்க வைத்திருந்த அலுமினியத் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது அரிதட்டுப்போல் துளைகள் தெரிந்தன. மருந்தேற்றிய மரத்துக்கென்றே பூச்சிட்ட திருகாணி, உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணி, அல்லது துருப்பிடியா எஃகு ஆகிய இவற்றில் ஒன்றைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம். மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இதில் மிச்சம்பிடிக்கும் காசு மிகச் சிறியது.

இன்னொரு குறையும் வெளிவந்தது. டெக்கின் ஒரு பக்கத்தைத் தாங்கிய பலகை வீட்டின் வெளிச்செங்கலில் போல்ற் போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. இந்தப் பகுதி வீடுகளில் அந்தச் செங்கல் வெறும் மேற்போர்வைதான். மெல்லிய தகடுகளால் உட்சுவரோடு பிணைத்திருக்கும் அது தன் எடையைத் தாங்குமேயன்றிப் பத்துப் பேர் நிற்கும் டெக்கைத் தாங்காது. ஆகவே புதிய டெக்கை வீட்டோடு பிணைக்காமல் தனித்து நிற்கும்படி அமைத்தோம். நிலத்தினுள் உறையும் ஈரம் தூணைத் தூக்காதிருக்க 1.2 மீற்றர் ஆழத்துக்குத் தோண்டிக் கொங்கிறீற் இட்டோம். தரையிலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்ததால் நகரசபையின் பெர்மிற் எனப்படும் கட்டட அனுமதியும் எடுத்தோம். வரைபடத்தைச் சரிபார்த்தவர் கேட்ட கேள்விகள் எனக்குத் தொந்தரவாக அல்ல, பெரிய உதவியாகவே இருந்தன.

இதற்குப் பிறகுதான் மேற்பலகைக்கு வந்தேன். ஆடி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொம்போசிற்றில் கரும்பழுப்பு ஒன்று, வெளிர்சாம்பல் ஒன்று, அவற்றோடு மருந்தேற்றிய மரத்துண்டு ஒன்று என மூன்று மாதிரிகளை வாசற்படியில் வரிசையாக வைத்து, ஒரு மணி நேரம் கழித்து அம்மாவை அழைத்தேன். கரும்பழுப்பில் வைத்த காலை அவர் உடனே எடுத்துவிட்டார். சாம்பலில் சற்று நின்று, "இதில நிக்கலாம், ஆனா கனநேரம் ஏலாது" என்றார். மரத்துண்டில் நின்றபோது ஒன்றும் சொல்லவில்லை. நின்றபடியே கொடியில் கிடந்த துவாயை மடிக்கத் தொடங்கினார். கடையின் குளிரூட்டிய அறையில் எத்தனை மாதிரிகளைப் பார்த்தாலும் இது தெரியவராது. முடிவில் வெளிர்சாம்பலையே எடுத்தோம். அம்மா நடக்கும் பக்கத்தில் நிழலுக்கு ஒரு பந்தலும் போட்டோம்.

பலகைகளைச் சாய்வாக அடிக்க விரும்புபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேராக அடிக்கும் கொம்போசிற்றுக்குத் தாங்குசட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் போதும். 45 பாகை சாய்த்தால் 12 அங்குலத்துக்கு நெருக்க வேண்டும், இல்லையேல் கோடை வெப்பத்தில் பலகை தொய்ந்துவிடும். எல்லாத் தாங்குசட்டங்களின் மேல்விளிம்பிலும் நீர் இறங்காதபடி பியூற்றைல் என்ற இறப்பர் வகை ஒட்டுநாடாவை ஒட்டிய பிறகே பலகையை அடித்தோம்.

ஏஜக்ஸிலிருந்து:

நாங்கள் சீடர் மரத்தில் கட்டினோம். அதைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு மரம் பார்க்கக் கற்பித்தவர் யாழ்ப்பாணத்தில் தச்சுத்தொழில் செய்த என் அப்பா. பனையில் கைமரம் எடுக்கும்போது வைரம் பாய்ந்த மரமா என்று பார்த்தே எடுக்க வேண்டும் என்பது அவர் வாக்கு; சீடருக்கும் அது அப்படியே பொருந்துகிறது. உக்காத தன்மை சீடரின் செந்நிற வைரத்தில்தான் இருக்கிறது; வெளிப்புறத்து வெண்ணிற மரம் வேறெந்த மென்மரத்தையும் போலச் சில ஆண்டுகளில் உக்கிவிடும். நான் வாங்கிவந்த முதல் அடுக்கை அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பி, வெட்டுமுகத்தைப் பார்த்து, "தம்பி, இதில பாதிக்கு மேல வைரம் இல்லை, குடுத்திட்டு வேற எடு" என்றார். கடையில் முகம் சுளித்தாலும் மாற்றித் தந்தார்கள். அதன்பிறகு நானே போய் ஒவ்வொரு பலகையாகத் தெரிந்தெடுத்தேன்.

சீடரில் சாதாரண இரும்பு ஆணியைத் தொடவே கூடாது. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து, ஒவ்வோர் ஆணித்தலையிலிருந்தும் மை வழிந்ததுபோல் கருங்கோடு இறங்கும். எங்கள் படிகளில் ஒரு வேலையாள் கைக்கு அகப்பட்ட ஆணிகளை அடித்துவிட்டதால் அந்தக் கறை இன்றும் நிற்கிறது. மரமும் மென்மையானது, கதிரைக் காலின் அடையாளம் விழும். எண்ணெய் பூசாவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். எங்களுக்கு அந்த நிறம் பிடித்ததால் அப்படியே விட்டுவிட்டோம்.

மிசிசாகாவிலிருந்து:

செலவைக் குறைக்க மேலும் கீழும் மருந்தேற்றிய மரத்தையே பயன்படுத்தினோம், வருந்தவில்லை. வருந்துவது ஒன்றுக்குத்தான்: கட்டி முடித்த வாரமே நிறம் பூசினோம். கடையிலிருந்து வரும் அந்த மரம் மருந்துநீரில் ஊறிய ஈரத்தோடு இருப்பதால் பூச்சு பிடிக்கவில்லை, அடுத்த வசந்தத்தில் செதில் செதிலாக உரிந்தது. பலகையில் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் மரம் இன்னும் காயவில்லை, உறிஞ்சினால் பூசலாம். எங்களுக்கு இரண்டாம் முறை அதற்கு நான்கு மாதம் சென்றது.

2004க்கு முன் கட்டிய டெக்கைப் பிரிப்பவர்கள் அந்த மரத்தைத் தயவுசெய்து எரிக்க வேண்டாம். அதில் ஆர்சனிக் இருக்கக்கூடும். புகையிலும் சாம்பலிலும் அது வரும். அறுக்கும்போது முகமூடி அணிந்துகொள்ளுங்கள். அந்தத் தூளை மரக்கறித் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

மீண்டும் ஸ்காபுறோவிலிருந்து:

இருவருக்கும் நன்றி. வைரத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது. கனடாவில் மருந்தேற்றும் மரங்களில் பலவற்றின் உள்ளே மருந்து எளிதில் இறங்காது. அதற்காகத்தான் பலகைகளின் மேற்பரப்பில் வரிசை வரிசையாகச் சிறு கீறல்கள் இடுகிறார்கள். ஆகவே ஒரு சட்டத்தை நாம் அளவுக்கு அறுத்தவுடன் வெட்டுமுகத்தில் மருந்தில்லாத நடுமரம் வெளியே வந்துவிடுகிறது. அறுத்த ஒவ்வொரு முனையிலும் அதற்குரிய மருந்தைத் தூரிகையால் பூச வேண்டும்.

தாங்குசட்டங்கள் எல்லாவற்றுக்கும் பூசியதாகத்தான் நினைத்திருந்தேன். இந்த ஏப்ரலில் பனி கரைந்த பிறகு கைவிளக்கோடு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒட்டுநாடா நன்றாகப் பிடித்திருந்தது, சட்டங்கள் காய்ந்திருந்தன. படிக்கட்டைத் தாங்கும் சட்டம் ஒன்றில் மட்டும், பல்லுப்பல்லாக வெட்டிய உள்மூலைகளில் தூரிகை படவே இல்லை. இரண்டு மூலைகள் ஏற்கெனவே கருத்திருந்தன. திருப்புளி இன்னும் இறங்கவில்லை. மிஞ்சியிருந்த மருந்து தகரத்தில் கட்டிபட்டுப் போனதால் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு கிழமை மழை இல்லாமல் மரம் காய்வதற்காகக் காத்திருக்கிறேன்.