புதுப்பிப்பு: அந்த லட்விக் ஸ்நேர் பித்தளையா, அலுமினியமா?

போன மாதம் ஒரு பழைய ஸ்நேர் டிரம் (அடியில் கம்பிச் சரங்கள் உள்ள சிறு டிரம்) படம் போட்டு, அது எந்த உலோகம் என்று கேட்டிருந்தேன்: 14 அங்குல விட்டம், 5 அங்குல உயரம், 10 லக் (தோலை இறுக்கும் திருகுகள் பொருந்தும் பிடிகள்), டிரம் நிறுவனமான லட்விக்கின் கீஸ்டோன் பேட்ஜ் (பெயர்த்தகடு). விற்றவர் பித்தளை என்றார். விடை கிடைத்துவிட்டது, அலுமினியம்தான்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். ஒட்டவில்லை. ஆனால் பித்தளையிலும் அது ஒட்டாதே! எஃகு இல்லை என்பது மட்டும் உறுதியானது. லக் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் ஷெல்லை (உருளை உடலை) கையில் தூக்கியபோதுதான் புரிந்தது. பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு. இதுவோ அவ்வளவு லேசு. துளை ஓரங்களில் மஞ்சள் சாயலே இல்லை. குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்திருப்பதற்கும் காரணம் இதுவே, அலுமினியத்தில் குரோம் சரியாகப் பிடிக்காது.

எனக்கு வருத்தம் துளியும் இல்லை. இது லட்விக்கின் சுப்ராஃபோனிக் 400 மாடல், நான் பல வருஷமாக ஆசைப்பட்ட டிரம்.

வயது? பேட்ஜில் எண் இருக்கிறது, எனவே 1963 வாக்கிலோ அதற்குப் பிறகோ சிகாகோவில் செய்தது. கீஸ்டோன் பேட்ஜ் 60களின் கடைசியோடு நின்றது. எண்ணை வைத்துத் துல்லியமான வருஷம் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் பேட்ஜ்களை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை.

ஒரு குறை: ஸ்டிரெய்னர் (அடியிலுள்ள கம்பிச் சரங்களை இறுக்கித் தளர்த்தும் பொறி) பி-85 மாடல். அது 60களின் முடிவில்தான் வந்தது, ஆகவே யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய மாடலான பி-83 நல்லதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.