ஜூனோ-106 கருவியின் குரல் சில்லுகளைச் சீர்செய்ய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே வசிக்கிறேன். எங்கள் பகுதிக் கானமேளாக் குழு ஒன்றில் பல ஆண்டுகள் வாசிக்கப்பட்ட ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர் (மின்னணு விசைப்பலகை இசைக்கருவி) இப்போது என்னிடம் உள்ளது. 1984இல் வெளிவந்த இக்கருவியில் ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை ஒலிக்கச் செய்யும் ஆறு குரல்களுக்கும் தனித்தனியே 80017ஏ என்ற சில்லு உண்டு. ஒலியை வடிகட்டுவதும் அதன் அளவைக் கட்டுப்படுத்துவதும் அச்சில்லே என்பதால், அது பழுதானால் அந்தக் குரலே போய்விடும். கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, சோதனை நிலையில் ஒவ்வொன்றாகக் கேட்டபோது, நான்காவது குரல் விசையை விட்ட பிறகும் இரைகிறது. ஆறாவது ஒலிக்கவே இல்லை.

சில்லைப் போர்த்தியிருக்கும் எபாக்சிப் பிசின் பூச்சு காலப்போக்கில் மின்கசிவுக்கு இடம் தருவதே இதற்கு வழக்கமான காரணம். அசிட்டோனில் ஊறவைத்து அப்பூச்சை நீக்கினால் பல சில்லுகள் மீண்டுவிடுகின்றன. ஆனால் பலகையின் செப்புத் தடம் உரியாமல் அவற்றைக் கழற்றுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். இந்தக் கருவியில் ஒலியைச் செறிவாக்கும் கோரஸ் வசதி தரும் ஒலிக்கு ஈடாக வேறொன்றை நான் கேட்டதில்லை. ஆகவே விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.

பாலக்காடு, பொள்ளாச்சி, கோவைப் பகுதிகளில் இவ்வேலையில் பழகியவர்களை அறிந்தால் தெரிவியுங்கள். புதிதாகத் தயாரிக்கப்படும் மாற்றுச் சில்லுகளைப் பொருத்தியவர்கள், பழைய சில்லுகளோடு சேர்ந்து ஒலிக்கும்போது வேறுபாடு தெரிகிறதா என்பதையும் சொல்லுங்கள். கருவியை நானே நேரில் கொண்டுவருவேன். உரிய கூலியும் தருவேன்.