மே மாத வெயிலில் மைனஸ் 40 டிகிரி

போன மே மாதம் நடந்தது. எங்கள் பெட்ரோல் காரில் காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயே, இன்ஜின் சூடாவதற்கு முன்பே, ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்துவிடும். சைலன்சரில் பெட்ரோல் வாடை, மைலேஜ் 15-லிருந்து 11, கூடவே செக் இன்ஜின் விளக்கு. ஒர்க்ஷாப்பில் ஸ்கேன் போட்டதில் பி0118 என்ற கோளாறு கோட் வந்தது. கூலன்ட் சென்சார் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளப்பது) போய்விட்டது என்று புதிதாக மாட்டி அனுப்பினார்கள். மறுநாளே விளக்கு திரும்பவும் எரிந்தது.

அப்புறம் காரின் கோளாறு கோட்களையும் சென்சார் அளவுகளையும் போனுக்கு அனுப்பும் ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சொருகி, போனில் லைவ் டேட்டாவைப் பார்த்தேன். கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40! திருநெல்வேலி வெயிலில்!

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ அந்த சென்சாருக்கு 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு வோல்டேஜ் மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், வோல்டேஜும் இறங்கும். வயர் அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும், இசியூவுக்கு அது கடுங்குளிர். உடனே பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது, கோட் விழுந்ததும் பாதுகாப்புக்காக ஃபேனையும் ஓட விடுகிறது. பி0118 சொல்வது அந்த சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று மட்டும்தான், சென்சார் கெட்டுவிட்டது என்று இல்லை. இந்த வித்தியாசத்தை ஒர்க்ஷாப்பில் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சென்சார் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு பின்னையும் ஒரு சின்ன வயரால் இணைத்துப் பார்த்தேன். வயரிங் நன்றாக இருந்தால் அளவு சட்டென்று 130-க்கு மேல் தாவ வேண்டும். அசையவே இல்லை, அதே மைனஸ் 40. அப்படியென்றால் கோளாறு வயரில்தான். டேப்பைப் பிரித்துக்கொண்டே போனதில் பேட்டரிக்குப் பின்னால் எலி கடித்த இடம் அகப்பட்டது. ஒட்டவைத்த உடனே ஃபேன் நின்றது.

*

இதைப் படித்த ஒருவர் எழுதிய பதில்: அண்ணா, எனக்கு வந்தது பி0171, பெட்ரோல்-காற்றுக் கலவையில் காற்று அதிகம் என்கிற கோட். ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். நான் முதலில் ஃபியூயல் ட்ரிம், அதாவது இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற அளவைப் பார்த்தேன். ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் வண்டி நின்றபடி ஓடும்போது) 20 சதவீதத்துக்கு மேல் பெட்ரோலைக் கூட்டுகிறது, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 4, 5-க்கு இறங்கிவிடுகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்னக் கசிவு கூடப் பெரிதாகத் தெரியும், ஆக்சிலேட்டர் மிதித்தால் அது ஒரு பொருட்டே இல்லை. சரி, காற்றுக் கசிவுதான் என்று தேடினேன். இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு. ஹோஸ் மாற்றி இரண்டு மாதமாகிறது, ட்ரிம் 2, 3-ஐத் தாண்டவில்லை, பழைய ஆக்சிஜன் சென்சார்தான் இன்னும் ஓடுகிறது.