வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து:

அப்பா தறிக்காரர். பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்துவிட்டது. ஏஜென்சி முதலில் அனுப்பிய பெண் நல்ல மனசுக்காரர்தான், ஆனால் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தவரை அப்படியே அனுப்பிவிட்டார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அந்த விழுந்த கையையே பிடித்து இழுப்பார், பாவம், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏஜென்சி கமிஷனை மட்டும் மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டது. கடைசியில் அப்பாவுக்குத் தோள்மூட்டு நழுவி, பிசியோதெரபிஸ்ட் வரவேண்டியதாயிற்று.

அடுத்து வந்தவர் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், அதாவது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர், பயிற்சி முடித்தவர். நாற்காலியை அப்பாவின் இடது பக்கம், அதாவது பலம் இருக்கிற பக்கம், கட்டிலை ஒட்டிப் போட்டார். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நீங்களும் கொஞ்சம் எந்திரிங்க" என்று அவரையும் முயல வைத்தார். சாப்பாடு நிமிர்ந்து உட்கார்ந்துதான், முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்க விடமாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்து, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, இடுப்பிலோ குதிகாலிலோ சிவந்திருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுவார். சிவந்த இடத்தில் எங்கள் அத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கப் போனபோது, "தேய்ச்சா உள்ள இன்னும் கெட்டுடும்மா, அங்க பாரம் படாம வெச்சாலே போதும்" என்று தடுத்துவிட்டார். அத்தைக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அது வேறு கதை.

எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். ஒரு நாள் சுகர் ஏறியிருந்தது, இன்சுலினை இரண்டு யூனிட் கூட்டிப் போடச் சொன்னார் அண்ணன். "டாக்டர் சொல்லாம போடமாட்டேங்க, போன் பண்ணிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நின்றார். சம்பளம் கொடுக்கிறவரிடம் இப்படிச் சொல்ல முடிகிறது பாருங்கள், பயிற்சி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நான் பார்த்த வித்தியாசம் அங்கேதான்.

கொண்டலாம்பட்டியிலிருந்து:

நான் இந்த வேலையில் இருப்பவள். சான்றிதழோடு போனாலும் வாசல் தாண்டியதும் வேலைக்காரிதான். பாட்டிக்குக் கஞ்சி வைப்பது என் வேலை, வீட்டில் எல்லாருக்கும் சப்பாத்தி போடுவது இல்லை. அதனால் இப்போதெல்லாம் சேருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்: என்னென்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கலாம், வாரத்தில் எந்த நாள் லீவு, அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பயிற்சியிலும் குறை உண்டு. பிபி பார்ப்பது, டியூப் வழியாக உணவு கொடுப்பது, சிறுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழேயே தொங்கவிடுவது எல்லாம் நன்றாகச் சொல்லித் தந்தார்கள். மறதி நோய்க்கு ஒரே ஒரு மதியம்தான். அப்புறம் எனக்குக் கிடைத்தது வெள்ளிப்பட்டறை நடத்திய ஒரு தாத்தா, பொழுது சாய்ந்தால் "பட்டறையச் சாத்தணும்" என்று தெருவுக்குக் கிளம்பிவிடுவார். வீட்டார் தினமும் "பட்டறையே இல்லப்பா" என்று வாதாடி, அவர் அழுது, ஒரே ரகளை. நான் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "வாங்கய்யா, பூட்டை இழுத்துப் பாத்துடலாம்" என்று கொல்லைக்கதவு வரை கூட்டிப்போவேன். இழுத்துப் பார்ப்பார், திரும்பி வந்து சாப்பிடுவார்.

ஏற்காடு, நாகலூர் பக்கத்திலிருந்து:

மலையில் கதையே வேறு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி எந்த ஏஜென்சி ஆளும் வரமாட்டார். காப்பித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், பிள்ளைகள் திருப்பூரில். வீடு தேடி வருவது மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் அக்கா மட்டும்தான். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி மாத்திரை அட்டைகளை அப்படியே அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தது அந்த அக்காதான். போட்டால் தலை சுற்றுகிறதாம், அதைப் பாட்டி யாரிடமும் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர் என்பதால் பானையைத் திறந்து பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது. படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல் கொஞ்சம் உட்கார்ந்து எழச் சொல்லிவிட்டு நர்சுக்குத் தகவல் சொன்னார், டாக்டர் மாத்திரையை மாற்றினார்.

இவ்வளவுக்கும் அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை. அவரைப் போன்ற பெண்களுக்கு முறையான பயிற்சி கொடுப்பதென்றால் வகுப்பை ஏற்காட்டிலேயே வையுங்கள். சேலத்தில் தங்கிப் படிக்க இங்கே பல வீடுகளில் விடமாட்டார்கள்.

கொண்டலாம்பட்டி அக்கா, நீங்கள் கையெழுத்து வாங்குகிற அந்தத் தாளைப் பேர் ஊர் மறைத்து இங்கே போடுங்களேன், எங்கள் அக்காவிடம் காட்டவேண்டும்.