பாரிச்சாரா – குவானே கல்பாதை: வழியில் எதிர்ப்பட்டதை எழுதுங்கள்

செங்காடு:
கொலம்பியாவின் சான்டான்டெர் பக்கம், பாரிச்சாரா ஊரிலிருந்து கீழே குவானே கிராமத்துக்கு இறங்கும் பழைய கல்பாதையான கமினோ ரெயால் நடந்தவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். மலை விளிம்பின் வளைவுகள் முடிந்து, முள்மரமும் கள்ளியுமாகச் சமன்படுகிற பகுதி. மணி பன்னிரண்டரை. குவானேயிலிருந்து ஏறி வந்த மூன்று பேரில் ஒருவர் கல்சுவரில் சாய்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பேச்சே வரவில்லை. மூவருக்கும் சேர்த்து அரை லிட்டர் பாட்டில் ஒன்று, அதுவும் காலி. கையில் உப்பு பிஸ்கட்கூட இல்லை. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பாரிச்சாரா சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குவானே அதற்கு நன்றாகக் கீழே. மேலே ஊரில் காற்று வீசுவதால் வெயில் உறைக்காது. கீழே இறங்க இறங்கக் காற்று நின்றுவிடும். இரண்டு பக்கக் கல்சுவரும் காலடிக் கல்லும் சூட்டைத் திருப்பி அடிக்கும். குவானேயிலிருந்து ஏறுகிறவர்களுக்குச் செங்குத்தான வளைவுகள் கடைசியில்தான் வரும், உடம்பில் தண்ணீர் தீர்ந்த நேரத்தில். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கட்டாயம், ஏறுவதென்றால் இரண்டு. காலை எட்டுக்குள் கிளம்பிவிட வேண்டும்.

முட்டிக்காரன்:
செங்காடு அண்ணே, ஏறுவதே தப்பு என்பது போல எழுதியிருக்கிறீர்கள். நேரம்தான் தப்பு, திசை இல்லை. முட்டி தேய்ந்தவர்களுக்கு இறக்கம்தான் வில்லங்கம். படிக்கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொரு அடியிலும் மொத்த எடையும் முட்டியில் இறங்கும். விடியும்போதே ஆட்டோ பிடித்துக் குவானே போய், அங்கிருந்து ஏறினால் வெயில் கடுக்கும் முன் மேலே வந்துவிடலாம். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நடைக்குச்சி இரண்டு, இடுப்புக்குச் சற்று மேலே வருகிற நீளத்தில். கூர்முனைக்கு ரப்பர் மூடி போடுங்கள். வெறும் இரும்பு முனை கல்லில் வழுக்கும், கல்லையும் கீறும்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்பது கிலோமீட்டர் என்று கேட்டுப் பயப்படுகிறார்கள். அது வண்டிச் சாலையின் கணக்கு. கல்பாதை ஐந்தரை, ஆறு கிலோமீட்டர்தான். இறங்க இரண்டு மணி நேரம் தாராளம்.

பாவுகல்:
தண்ணீர், முட்டி எல்லாம் சரி, காலடியில் இருக்கிற கல்லைப் பற்றி யாருமே பேசவில்லையே. மழை விட்ட மறுநாள் காலை, வளைவொன்றில், முன்னால் போன ஆளின் இரண்டு காலும் ஒரே நேரத்தில் காற்றில். விழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. புதுச் செருப்பு, நல்ல கம்பெனி.

கல் ஈரமாக இருந்ததால் மட்டும் அப்படி வழுக்கிவிடாது. கோவேறு கழுதைகளும் மனிதர்களும் நடந்து நடந்து மேல்முகம் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. அதன்மேல் மழை, ஓரத்துச் செம்மண்ணைக் கரைத்து மெல்லிய பூச்சாகப் படியவைக்கும். வெயில் பட்டு மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் களி. மிதிக்க வேண்டியது நடுவில் பெரிதாகப் பளபளக்கும் கல்லை அல்ல, ஓரத்தில் நிறுத்திவைத்தாற்போல் பதித்த சிறு கற்களை. அவற்றின் இடுக்குகளில் செருப்பின் அடிப்பாகம் பிடிக்கும். மரநிழலில் கருப்பாகத் தெரிந்தால் பாசி, அங்கே பாதத்தை முழுதாகப் பதித்துக் குட்டை அடியாக வையுங்கள்.

சமதளம் வந்ததும் வேகம் கூட்டுகிறவர்கள்தான் கணுக்காலைப் பிசகிக்கொள்கிறார்கள். அங்கே மண் அரித்துப்போய் உருண்டைக் கற்கள் ஆடும். மழைக்காலம் மார்ச் முதல் மே வரை, பிறகு செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. முடிந்தால் டிசம்பர் – பிப்ரவரியில் போங்கள்.

சிங்கோனா:
மேலே ஆரம்ப இடத்தில் நின்று ஒரு வழிகாட்டி, "ஜெர்மானியர் லெங்கெர்க்கே கட்டிய பாதை" என்று கூட்டத்துக்குச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டியதும் இன்னும் உறுத்துகிறது. கியோ வான் லெங்கெர்க்கே (1827–1882) 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்துப் பாதைகளைச் சீரமைத்தார், மக்தலேனா ஆற்றுப் பக்கம் புதிதாகவும் போட்டார், உண்மைதான். ஆனால் குவானே பழங்குடி மக்கள் நடந்த தடம் இது. காலங்காலமாகக் கல் மாற்றிப் பராமரித்தது உள்ளூர்க்காரர்களின் கைகள். 1988இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது அவ்வளவு பேருடைய உழைப்பும் சேர்ந்துதான்.

லெங்கெர்க்கேக்குப் பாதை எதற்கு? முக்கியமாக, மலேரியாவுக்கான குவினைன் மருந்து எடுக்கும் சிங்கோனா மரப்பட்டையைக் கோவேறு கழுதை முதுகில் ஆற்றுத்துறைக்குக் கொண்டுபோக. அதே மரத்தை 1860களில் வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் நட்டார்கள். இலங்கையில் காப்பிச் செடிகள் நோயில் அழிந்ததும் தோட்டக்காரர்கள் சிங்கோனாவுக்குத் தாவினார்கள், அந்தத் தோட்டங்களில் வேலை செய்தது நம் ஆட்கள். 1880களில் ஆசியப் பட்டை குவிந்து விலை சரிந்தது, கொலம்பியாவின் பட்டை வியாபாரம் படுத்தது. இதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

செங்காடு:
சிங்கோனா சார், வரலாறு அருமை. ஆனால் கெண்டைக்கால் பிடித்தவருக்கு உப்பும் சர்க்கரையும்தான் வேண்டும். பாரிச்சாரா கடைகளில் பனேலா கட்டி கிடைக்கும், நம் வெல்லமேதான். எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பாட்டிலில் கரைத்துக்கொள்ளுங்கள்.

சுருள்சங்கு:
பாதைக் கல்லிலும் சுவரிலும் அம்மோனைட் (அழிந்துபோன, சுருள் ஓட்டுக் கடலுயிரி) புதைபடிவம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். தேங்காய் மூடி அகலத்தில் ஒரு சுருள், அதன் ஓரத்தில் யாரோ உளி வைத்துப் பெயர்க்கப் பார்த்த புது வெள்ளைத் தழும்பு. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன் இங்கே கடல் இருந்தது, அந்தப் படிவப் பாறையையே வெட்டிப் பாவியிருக்கிறார்கள். சாந்தில்லாமல் அடுக்கிய சுவரில் ஒரு கல்லை உருவினால் அடுத்த மழையில் ஒரு முழம் சரியும். சரிந்த கல் பாதையின் நீர்வழியை அடைக்கும், தண்ணீர் நடுவில் ஓடிப் பாவுகல்லின் அடிமண்ணைத் தின்னும்.

எடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். புதைபடிவம் அந்த நாட்டுச் சட்டப்படி தேசத்தின் சொத்து, விமான நிலையத்தில் பையில் அகப்பட்டால் வம்பு. பார்க்க ஆசையென்றால் குவானே சதுக்கத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான படிவங்கள், ஒரு மம்மி, குவானே மக்களின் பொருட்கள். நாலு பேர் சேர்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றிக் காட்டுவார்கள், மூடியிருப்பதாக நினைத்துத் திரும்பிவிடாதீர்கள், தட்டுங்கள். படம் எடுக்க உச்சிவெயில் ஆகாது, காலைச் சாய்வெளிச்சத்தில்தான் வரிகள் எழும். கல்லில் தண்ணீர் ஊற்றித் துடைக்காதீர்கள்.  சதுக்கத்து சான்டா லூசியா தேவாலயம் 1720இல் கட்டியது, உள்ளே குளிர்ச்சி, பத்து நிமிடம் உட்காருங்கள். சபாஹோன் விற்பார்கள், பால், முட்டை, சாராயம் கலந்தது, இனிப்பாக இறங்கும். திரும்பி ஏறப் போகிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

முட்டிக்காரன்:
கை தூக்கச் சொன்னால் பிரசங்கமே வைத்துவிட்டீர்கள். திரும்பும் பஸ்ஸைப் பற்றி யாரும் எழுதவில்லை. குவானே சதுக்கத்தில் இறங்கியதும் முதல் வேலை அடுத்த வண்டி எப்போது என்று கடையில் கேட்பது, அருங்காட்சியகம் அப்புறம். ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.