ஆர்ச் கட்டவா, ஆள் போடவா? (பழைய மாணவர் பணம் 1,80,000)

கரிசல்காட்டான்:
98ல பத்தாவது முடிச்ச செட்டு நாங்க, விருதுநகர் பக்கம் ஒரு கவர்மெண்ட் ஹைஸ்கூல், பேரு வேணாம். பொங்கலுக்குக் கூடினப்ப வசூல் பண்ணது 1,80,000 கையில இருக்கு. பாதிப்பேரு வாசல்ல ஆர்ச் கட்டி செட்டு பேரு பொறிக்கணும்ங்கிறான். நான் நேர்ல போய் பாத்துட்டு வந்து சொல்றேன், அங்க ஆர்ச் ஒண்ணுதான் குறைச்சல். கிளார்க் போஸ்ட் காலி, ஆபீஸ் உதவியாளர் ரிட்டயர்டு ஆகி ரெண்டு வருஷம் ஆள் போடல, வாட்ச்மேன் எங்க காலத்துலயே கிடையாது, திங்கக்கிழமை காலைல வந்தா வராண்டாவுல பீர் பாட்டில் பொறுக்குறதுதான் முதல் பீரியடாம். பெல்லு அடிக்கிறது எட்டாவது பையன் ஒருத்தன், அந்தப் பழைய தண்டவாளத் துண்டுதான் இன்னும் தொங்குது, அஞ்சு நிமிஷம் முன்னாடியே எந்திரிச்சு போய் கம்பியோட நிக்கிறான், அவனுக்கு அது பெருமைதான், ஆனா கணக்கு பாதில போச்சே.

என் கணக்கு இது: ஆபீஸ் வேலைக்கு ஒரு பொண்ணு மாசம் 9,000, பாத்ரூம் கழுவுற அக்காவுக்கு மேல போட்டு 6,000, ஒரு வருஷத்துக்கு சரியா 1,80,000. என்ன சொல்றீங்க?

வரிகட்டுறவன்:
பட்டதாரி ஆசிரியருக்கு ஆரம்ப அடிப்படை சம்பளமே 36,400, அதுக்கு மேல டிஏ வேற. நாலு பேப்பர் எழுத கூடவா முடியாது? ஊர்க்காரன் காசப் போட்டு அவங்களுக்கு அசிஸ்டெண்ட் வைக்கணுமா? ஆர்ச்சே கட்டுங்க, அதுவாவது கண்ணுக்குத் தெரியும்.

சாக்பீஸ்_டீச்சர்:
அந்த "நாலு பேப்பர்" என்னன்னு சொல்லட்டுமா சார்? வேற ஊர் ஹைஸ்கூல்ல நான் சயின்ஸ் எடுக்குறேன், எங்களுக்கும் கிளார்க் இல்ல. காலைல எமிஸ்ல, அதான் பிள்ளைங்க விவரமெல்லாம் ஏத்துற கல்வித்துறை வெப்சைட்டு, அதுல அட்டெண்டன்ஸ், டவர் கிடைக்காம போனைத் தூக்கிட்டு வேப்பமரத்தடிக்கு போவோம். அப்புறம் பஸ் பாஸ், போனஃபைடு, ஸ்காலர்ஷிப்புக்கு பேங்க் அக்கவுண்ட், ஆதார்ல இனிஷியல் முன்னாடி இருக்கும் எமிஸ்ல பின்னாடி இருக்கும் அதைத் திருத்தணும், பத்தாவது நாமினல் ரோல் (பரீட்சை எழுதுறவங்க பேர்ப்பட்டியல்) வேற, அதுல ஒரு எழுத்து தப்புனா மார்க் ஷீட் வரைக்கும் தப்பு.

போன வருஷம் எட்டாவது பிள்ளை ஒண்ணு, என்எம்எம்எஸ்ங்கிற சென்ட்ரல் கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு நல்லா தயாரா இருந்துச்சு. பாஸானா ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் 1,000, மொத்தம் 48,000. அப்ளிகேஷன் ஏத்துற கடைசி நாள் சர்வர் படுத்துருச்சு, நான் பத்தாவது ரிவிஷன் டெஸ்ட்ல மாட்டிக்கிட்டேன், ஏத்துறதுக்கு வேற ஆள் இல்ல. அந்தப் பிள்ளை பரீட்சையே எழுதல. என் தப்புதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அது டீச்சர் பாக்குற வேலையா?

வரிகட்டுறவன்:
கடைசி நாள் வரைக்கும் ஏன் வச்சீங்க?

சாக்பீஸ்_டீச்சர்:
அந்தப் பிள்ளையோட அப்பாவுக்கு வருமானச் சான்று கைக்கு வந்ததே அதுக்கு மொத நாள்தான் சார்.

பழைய_கோப்பு:
நான் கல்வித்துறையில 31 வருஷம் கிளார்க்கா இருந்து சூப்பரிண்டெண்டா ரிட்டயர்டு ஆனவன். டீச்சர் சொல்றது அத்தனையும் நிஜம். ஆனாலும் தம்பி கரிசல்காட்டானோட யோசனை தப்பு. இளநிலை உதவியாளர்ங்கிறது குரூப் 4 எழுதி வர்ற போஸ்ட். எஸ்.ஆர். (ஊழியரோட பணிப்பதிவேடு), டிசி புக்கு, ஃபீஸ் ரசீது இதையெல்லாம் வெளி ஆள் தொட முடியாது, ஆடிட்ல ஹெச்எம் கழுத்துக்குத்தான் கத்தி வரும். எமிஸ் பாஸ்வேர்ட வெளி ஆள் கையில குடுக்கிறதும் வம்பு, அத்தனை பிள்ளைங்க போன் நம்பரும் வீட்டு அட்ரஸும் அதுல கெடக்கு. இன்னொண்ணு, நீங்க ஆள் போட்டு வேலை ஓடிருச்சுன்னா காலிப்பணியிடம் கேட்டு எழுதுறவனுக்கே வேகம் கொறஞ்சிரும். நானே பாத்திருக்கேன், "சமாளிச்சுக்கிறாங்க"ன்னு மேல குறிப்பு எழுதிட்டு ஃபைலை மூடிருவாங்க.

அரைநாள்_ஓவியம்:
பெரியவர் சொன்னதோட ஒரு சொந்த கதை சேத்துக்கிறேன். 2012ல பகுதிநேர ஆசிரியர்னு 16,549 பேரை எடுத்தாங்கல்ல, அதுல நான் டிராயிங். வாரத்துக்கு மூணு அரைநாள், மாசம் 5,000. அப்ப எனக்கு 27 வயசு, எப்படியும் பெர்மனெண்ட் ஆயிரும்னு சொல்லித்தான் பொண்ணே குடுத்தாங்க. அப்புறம் 7,000, 7,700, 10,000, 12,500ன்னு கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறுச்சு. பல வருஷம் மே மாசம் சம்பளம் இல்லாமத்தான் ஓட்டினேன், மே மாசம் அரிசி மட்டும் எப்படியோ தீந்துரும். அரைநாள்தான் பேரு, ஸ்கூல்ல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் நான்ங்கிறதால முழுநாளும் ஆபீஸ் ரூம்லதான் உக்காந்திருக்கேன். பிரஷ்ஷு காஞ்சு கிடக்கு.

நீங்க போடுற பொண்ணுக்கும் இதான்ணே நடக்கும். ஒரு வருஷம் கழிச்சு காசு தீந்ததும் நீங்க போயிருவீங்க, அவ "அடுத்த வருஷம் பாப்போம்"னு உக்காந்திருப்பா.

ரெண்டு_பொண்ணோட_அப்பா:
எல்லாரும் ஆபீஸையே பேசுறீங்க, பாத்ரூம யாராவது பேசுங்கய்யா. என் மூத்தவ ஒன்பதாவது. காலைல பாட்டில்ல தண்ணி ஊத்திக் குடுத்தா சாயங்காலம் அப்படியே கொண்டு வர்றா. ஏம்மா குடிக்கலன்னா பதில் இல்ல, அவ அம்மாதான் சொன்னா, குடிச்சா போகணுமே, போனா நிக்க முடியலயேன்னு. மாசத்துல மூணு நாள் லீவு போடுறா, அட்டெண்டன்ஸ் கொறையுதுன்னு டீச்சர் போன் பண்றாங்க. கவர்மெண்ட் ஆள் போடுற வரைக்கும் கொள்கை பேசிட்டு இருக்கலாம், என் பிள்ளை அடக்கிட்டு உக்காந்திருக்கா. காசு இருந்தா குடுங்க, நாளைக்கே ஆள் போடுங்க.

வரிகட்டுறவன்:
அதுக்கு அரசாங்கம் ஆள் போட்டிருக்கே. அந்தம்மா ஒழுங்கா வந்தா சரியாப் போகும்.

பழைய_கோப்பு:
ஹைஸ்கூல் பாத்ரூம் கழுவ எவ்வளவு தெரியுமா தம்பி? உள்ளாட்சி வழியா மாசம் 2,250. தொடக்கப்பள்ளின்னா 1,000. நூறு நாள் வேலைக்கே 2025-26ல ஒரு நாள் கூலி 336. அந்தக் கணக்குல பாத்தா ஏழு நாள் கூலி கூட முழுசா வரல, வேலை மாசம் பூரா. அதுவும் மாசாமாசம் கைக்கு வராது, மூணு மாசம் சேத்து வந்தா அதிர்ஷ்டம். ஒழுங்கா வரலைன்னு யார் எந்த வாயால கேக்குறது?

வரிகட்டுறவன்:
2,250ங்கிறது எனக்குத் தெரியாதுதான். அந்தம்மாவைச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். டீச்சருங்களுக்கு ஆள் வைக்கக் கூடாதுங்கிறதுல மாத்தம் இல்ல.

சாக்பீஸ்_டீச்சர்:
எனக்கும் இப்ப ஆள் வேணாம்னுதான் தோணுது சார், அரைநாள் சார் எழுதுனதைப் படிச்ச பிறகு. கிளார்க் போஸ்ட்டுக்கு பெத்தவங்க கையெழுத்தோட சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்கு மனு போகட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டு இணைச்சா இன்னும் நல்லது, நாங்க எழுதினா மட்டும் எடுபட மாட்டேங்குது.

கரிசல்காட்டான்:
ஒரு அப்டேட். நேத்து சாயங்காலம் அந்த அக்காவையே போய் பாத்தேன். இங்க இத்தனை பேர் பேசினோம், அவங்களை ஒருத்தரும் கேக்கல, நானும் சேத்துத்தான். நாலு தெரு தள்ளித்தான் வீடு. தொடக்கப்பள்ளியும் ஹைஸ்கூலும் ரெண்டையும் அவங்கதான் கழுவுறாங்க. 6,000 சேத்து குடுக்கலாம்னு இருக்கோம்க்கான்னேன். சிரிச்சாங்க. "குடுத்தா வேணாங்கவா போறேன் தம்பி, ஆனா தண்ணி இல்லாம எதை வச்சு கழுவ? மோட்டாரு காயில் எரிஞ்சு நாலு மாசமாச்சு, அடிபம்புல இருந்து குடத்துல சுமந்து ஊத்துறேன், பத்துக் குடத்துக்கு மேல இடுப்பு ஒத்துழைக்கல"ன்னாங்க. பிளீச்சிங் பவுடரும் வெளக்கமாறும் சொந்தக் காசுல வாங்குறாங்களாம், ஆபீஸ்ல கேக்கப் போனா கிளார்க் இல்லைங்கிறாங்களாம்.

ஹெச்எம் கிட்ட கேட்டேன், மோட்டாரைப் பத்தி மூணு தடவை எழுதிப் போட்டாச்சுன்னாரு.

மொதல்ல மோட்டார். காயில் கட்டுறதா புதுசு வாங்குறதான்னு கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். மிச்சத்துல அக்காவுக்கு மாசம் 6,000, பேங்க்ல போட்டு விடுறோம், தேதி ஒண்ணு. ஆபீஸ் பொண்ணு யோசனையை விட்டாச்சு. ஆர்ச் கோஷ்டி குரூப்ல இருந்து ரெண்டு பேர் வெளிய போயிட்டான், ஒருத்தன் அவன் குடுத்த 5,000ஐ திருப்பிக் கேக்குறான்.

ரெண்டு_பொண்ணோட_அப்பா:
அந்த 5,000 நான் போடுறேன். மோட்டார் எத்தனை ஹெச்பி?

கரிசல்காட்டான்:
ஒண்ணரைன்னு நெனைக்கிறேன்ணே. ஞாயித்துக்கிழமை காலைல எலக்ட்ரீசியன் வர்றாப்ல, கேட் சாவி யாருகிட்ட இருக்குன்னுதான் இப்ப விசாரிச்சிட்டு இருக்கேன்.