சன்னதித் தெரு வீட்டார் குழு: அக்டோபரில் எகிப்து

சரவணன்: அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் மணிவிழா முடிந்த கையோடு எகிப்துக்குப் போவது என்று பொங்கலன்று எல்லோரும் தலையாட்டியிருந்தீர்கள். பயண முகவர் இன்றிரவுக்குள் எத்தனை பேர் என்று கேட்கிறார். லக்சரில் கப்பல் ஏறி, எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்களைப் பார்த்துவிட்டு அஸ்வானில் இறங்குவது திட்டம். அக்டோபர் 22 அன்று விடியற்காலையில் அபு சிம்பல் கோயிலில் இருந்தால், ஆண்டுக்கு இருமுறை மட்டுமே கருவறை வரை போகும் சூரிய ஒளியையும் பார்த்துவிடலாம். வருகிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

வசந்தா: நான் வருகிறேன்.

ரங்கன்: என்னை யாரும் கேட்கவில்லையே.

வசந்தா: உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

மீனா: அங்கே படிக்கட்டு எப்படி இருக்கும் சரவணா? என் முழங்காலைக் கேட்டுத்தான் நான் பதில் சொல்ல முடியும்.

சந்தானம்: சரவணா, அவசரப்படாதே. அபு சிம்பலைப் பற்றி முகவர் சொன்னது பாதிதான். எகிப்திய அரசன் இரண்டாம் ராமசேஸ் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து எடுத்த அந்தக் கோயில், அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்கிவிடும் என்ற நிலை வந்தபோது, 1964 முதல் 1968 வரை யுனெஸ்கோவின் முயற்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுக்கப்பட்டு, பழைய இடத்தைவிட ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மறுபடியும் பொருத்தப்பட்டது. பொறியாளர்கள் ஒளி விழும் திசையையும் காப்பாற்றிவிட்டார்கள். முன்பு 21ஆம் தேதி நிகழ்ந்தது இப்போது 22ஆம் தேதி நிகழ்கிறது, அவ்வளவுதான். அந்த நாள்கள் அரசனின் பிறந்தநாளும் முடிசூட்டு நாளும் என்று வழிகாட்டிகள் சொல்வதற்குச் சான்று கிடையாது. உள்ளே அமர்ந்திருக்கும் நால்வரில் அமூன்-ரா, ராமசேஸ், ரா-ஹோரக்தி ஆகியோர் மீது ஒளி படும். பாதாளத்தோடு தொடர்புடைய ப்தா மட்டும் இருளிலேயே இருப்பார். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சுமார் இருபது நிமிட ஒளிக்காகப் பெருங்கூட்டம் இரவிலேயே வரிசையில் நின்றுவிடும், காவலர்கள் நம்மை நிற்கவிடாமல் நகர்த்துவார்கள், கடைசியில் நாம் தரிசிப்பது முன்னால் நிற்பவரின் பிடரியைத்தான். வேறொரு நாளில் போனால் சுவரில் உள்ள, ராமசேஸ் ஹிட்டைட்டுகளோடு மோதிய காதேஷ் போர்க் காட்சியை நிதானமாகப் பார்க்கலாம். பக்கத்திலேயே நெஃபர்டாரிக்காக எழுப்பிய சிறிய கோயிலின் முகப்பில் அரசியின் சிலை அரசனின் சிலைக்குச் சமமான உயரத்தில் நிற்பதையும் கவனிக்கலாம். எகிப்தில் அது மிக அரிது.

வசந்தா: இந்தக் கடைசி வரியை என் வீட்டுக்காரர் இருமுறை படிக்க வேண்டும்.

மீனா: அண்ணா, ஹம்பியிலும் இப்படித்தான் ஒரே தூணின் முன்னால் மத்தியானம் வரை எங்களை நிறுத்திவைத்தீர்கள்.

சந்தானம்: அந்தத் தூணுக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

ரங்கன்: ஹம்பிக் கணக்கை யாரும் கிளப்ப வேண்டாம்.

மீனா: நான் தூணைத்தான் சொன்னேன். பணத்தைச் சொல்லவில்லையே.

நித்யா: அத்தை, நான் அலுவலகத் தோழிகளோடு லக்சருக்குப் போயிருக்கிறேன், படிக்கட்டைப் பற்றி நான் சொல்கிறேன். அரசர் பள்ளத்தாக்கில் சாதாரணச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். நான்காம் ராமசேஸின் கல்லறை நுழைவாயிலுக்கு அருகிலேயே இருக்கிறது, சரிவும் மென்மையானது, உங்களால் இறங்க முடியும். முதலாம் சேத்தியின் கல்லறைக்குத் தனிச்சீட்டு. ஆழமும் படிகளும் அதிகம், நீங்கள் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். துட்டன்காமனுக்கும் தனிச்சீட்டுத்தான், ஆனால் அது சிறிய கல்லறை, ஓவியமும் ஓர் அறையில் மட்டுமே உண்டு. 1922இல் தொல்லியலாளர் கார்ட்டர் கண்டெடுத்த அந்தக் கல்லறையின் பொருள்களில் பெரும்பாலானவை இப்போது கீசாவில் புதிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெயருக்காகப் போவதென்றால் போகலாம்.

கௌதம்: நான் லண்டனிலேயே ரொசெட்டா கல்லைக் கட்டணமில்லாமல் பார்த்துவிட்டேன். நான் வர வேண்டுமா?

சந்தானம்: கல்லைப் பார்த்தாயே, அதில் உள்ளது என்ன என்று படித்தாயா? கி.மு. 196இல் அரசன் ஐந்தாம் தாலமிக்காகப் பூசாரிகள் வெளியிட்ட ஆணை அது. ஒரே செய்தி மூன்று எழுத்துகளில் இருந்ததால்தான் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோனால் 1822இல் பட எழுத்தின் பூட்டைத் திறக்க முடிந்தது.

கௌதம்: படிக்கவில்லை, பெரிய மாமா. படம் எடுத்தேன்.

ரங்கன்: இதைப் படியுங்கள், பள்ளித் தோழர் ஒருவர் அனுப்பியது. டெண்டெரா கோயிலின் நிலவறைச் சுவரில் மின்விளக்கு செதுக்கப்பட்டிருக்கிறதாம். இருட்டான அறைகளில் எங்கும் புகைக்கரியே இல்லை என்பதால், எகிப்தியர் மின்சாரத்தில்தான் வேலை செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

நித்யா: அப்பா, இது வேண்டாம்.

சந்தானம்: ரங்கா, நீ அனுப்புவாய் என்று எதிர்பார்த்தேன். அந்தச் சிற்பத்தில் இருப்பது தாமரை மலரிலிருந்து எழும் பாம்பு. அதைத் தாங்கி நிற்பது நிலைபேற்றைக் குறிக்கும் ஜெத் தூண். பக்கத்திலேயே எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது, விளக்கு என்று அது சொல்லவில்லை. கரி இல்லை என்பது அதைவிடப் பெரிய பொய். டெண்டெராவின் மண்டப விதானம் நூற்றாண்டுக் கணக்கான புகையில் கறுத்துக் கிடந்தது. அண்மைக் காலத்தில் பொறுமையாகத் துடைத்து எடுத்த பிறகுதான் அந்த நீல வண்ணம் வெளியே வந்தது. கல்லறை தோண்டிய தொழிலாளர்களுக்கு எத்தனை விளக்குத் திரிகள் கொடுக்கப்பட்டன என்ற கணக்கே அவர்கள் குடியிருந்த தெயிர் எல்-மெதினா ஊரின் கல் சில்லுகளில் எழுதப்பட்டிருக்கிறது. திரிக் கணக்கு வைத்தவன் மின்கட்டணக் கணக்கை விட்டிருப்பானா?

வசந்தா: அந்தக் காலத்திலேயே ஒழுங்காகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.

ரங்கன்: எனக்குப் புரிகிறது, வசந்தா.

ரங்கன்: சரி, அது போகட்டும். பிரமிடுகளைக் கட்டியவர்கள் தமிழர்கள் என்று இன்னொரு செய்தியும் வந்திருக்கிறது.

சந்தானம்: கீசாவின் பெரிய பிரமிடு கி.மு. 26ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கும் நமக்கும் தொடர்பில்லை, இட்டுக்கட்டத் தேவையும் இல்லை, ஏனென்றால் உண்மையிலேயே ஒரு தொடர்பு இருக்கிறது. செங்கடல் கரையில் பெரனிகே, குசேர் அல்-காதிம் என்ற இரண்டு பழைய துறைமுகங்களிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பெரனிகேயில் செராபிஸ் கோயிலின் தரையில் புதைத்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. உரோமர் காலத்து வணிகம் அது. நம்மவர் அங்கே பிரமிடு கட்டப் போகவில்லை, மிளகு விற்கப் போனார்கள்.

மீனா: வைத்தீஸ்வரன் கோயிலில் நாம் உப்பும் மிளகும் போடுவதைப் போல யாரோ நேர்ந்துகொண்டிருப்பார்கள்.

சந்தானம்: சடங்கில் எரிப்பதற்காக வைத்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. ஆனால் மீனா, எல்லாவற்றையும் நம் கோயிலாகவே நினைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்தக் கோயில் புரியாது. அங்கே பொதுமக்களுக்குத் தரிசனம் கிடையாது. பெரும்பாலோர் வெளி முற்றத்தைத் தாண்டியதில்லை. தரை மெல்ல உயர்ந்து, கூரை தாழ்ந்து, வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் அந்த வழி பூசாரிகளுக்கும் அரசனுக்கும் மட்டுமே உரியது. மக்கள் தங்கள் குறையைச் சொல்ல கர்னாக் கோயிலின் பின்புறத்தில், வேண்டுதலைக் கேட்கும் அமூனுக்கென்று தனி இடமே இருந்தது. பயணிகள் 134 தூண்கள் நிற்கும் பெரிய மண்டபத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதால், அந்தப் பின்புறத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், பத்துக் கோயில்களை ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றிரண்டை உருப்படியாகப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் டெண்டெரா.

சரவணன்: பெரியப்பா, டெண்டெரா கப்பல் போகும் வழியில் இல்லை. லக்சருக்கு வடக்கே 60 கிலோமீட்டர் போக வேண்டும்.

சந்தானம்: தெரியும். கப்பல் ஏறுவதற்கு முன் லக்சரில் ஒரு நாள் கூட்டிக்கொள். புத்தாண்டு நாளில் ஹாத்தோர் தேவியின் திருமேனியைக் கூரைக்கு எடுத்துப் போய்ச் சூரிய ஒளி படும்படி வைப்பார்கள். ஏறும் படிக்கட்டின் சுவரில் ஏறும் பூசாரிகளும், இறங்கும் படிக்கட்டின் சுவரில் இறங்கும் பூசாரிகளும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நாமும் ஏறி இறங்கலாம்.

மீனா: மறுபடியும் படிக்கட்டா?

கௌதம்: கூரையில் உள்ள ராசி மண்டலம் அசல் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அசலை 1821இல் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், அது பாரிஸில் லூவரில் இருக்கிறது. இங்கிருந்து தொடர்வண்டியில் போனால் நான் பார்த்துவிடுவேன்.

சந்தானம்: நீ எகிப்தைத் தவிர எல்லா இடத்திலும் எகிப்தைப் பார்க்கிறாய்.

நித்யா: ஃபிலே தீவுக்கு யாரும் குரல் கொடுக்கவில்லையே. அங்கிருந்த கோயிலையும் அணை நீரிலிருந்து பக்கத்துத் தீவான அகில்கியாவுக்கு மாற்றினார்கள். நாள் குறிப்போடு கிடைத்த கடைசிப் பட எழுத்துக் கல்வெட்டு, கி.பி. 394 ஆகஸ்ட் 24, அங்கேதான் இருக்கிறது. படகில் போக வேண்டும், படிக்கட்டும் குறைவு.

மீனா: நித்யா சொல்லும் இடத்துக்கு நான் வருகிறேன். அது இருக்கட்டும், ரங்கனின் நட்சத்திரம் ஐப்பசியில் வருகிறது. மணிவிழா நாளை யாராவது பஞ்சாங்கத்தில் பார்த்தீர்களா?

சரவணன்: அக்டோபர் நடுவில் வரும் என்று அப்பா சொன்னார்.

ரங்கன்: தோராயமாகச் சொன்னேன்.

மீனா: ஐப்பசி பிறப்பதே அக்டோபர் 18 வாக்கில்தான். திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக உட்கார வேண்டியவனை நீ 22ஆம் தேதி அபு சிம்பலில் நிறுத்துவாயா?

சந்தானம்: அப்படியானால் 22ஆம் தேதி தானாகவே கழிந்தது.

வசந்தா: கழியவில்லை. பிப்ரவரி 22ஆம் தேதியும் அதே ஒளி விழுமல்லவா? நான் அதைப் பார்க்காமல் வர மாட்டேன் என்று உங்கள் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

ரங்கன்: அண்ணனும் இதே குழுவில்தான் இருக்கிறார்.

சந்தானம்: பிப்ரவரியில் வெயில் தணிந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. பிடரியைப் பற்றி நான் சொன்னது பிப்ரவரிக்கும் பொருந்தும்.

கௌதம்: பிப்ரவரி என்றால் எனக்குத் தேர்வு இருக்கிறது.

மீனா: நீதான் வரவில்லை என்றாயே.

சரவணன்: முகவர் மூன்றாம் முறையாக அழைக்கிறார். ஆறு பேர் என்று சொல்லட்டுமா?

மீனா: என்னை அரைக்கணக்கில் வை.

சந்தானம்: டெண்டெராவைச் சேர்த்தாயா?

சரவணன்: தேதியையே சேர்க்கவில்லை பெரியப்பா. ஐந்து பேர் உறுதி, ஒருவர் முழங்காலைப் பொறுத்து, மாதத்தைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறோம் என்று எழுதியிருக்கிறேன். முன்பணத்தை யார் கட்டுவது?

வசந்தா: ஹம்பிக் கணக்கில் பாக்கி வைத்திருப்பவர் கட்டட்டும்.

ரங்கன்: என் கைப்பேசியில் மின்னூட்டம் தீரப்போகிறது. நாளை காலையில் பேசுவோம்.